சுங்கை சிப்புட் பழைய சைக்கிள் கடை: மூன்றில் எதை எடுக்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்தக் கடையில் இப்போது பழைய மவுண்டன் பைக் மூன்று நிற்கின்றன. எடுக்க வேண்டியது 90களின் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் வண்டி, சஸ்பென்ஷன் இல்லாதது.

காசு கொடுக்குமுன் சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் குழாயை) திருகிப் பாருங்கள். அலுமினிய போஸ்ட் இரும்பு பிரேமுக்குள் ஈரத்தில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பேராக் மழைக்குச் சொல்லவே வேண்டாம். சூடு காட்டாதீர்கள், அலுமினியம்தான் அதிகம் விரியும், பிடி இறுகும். துருநீக்கி எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்து, போஸ்ட்டை ஐஸால் குளிர வைத்துத் திருகுங்கள். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) இங்கிலீஷ் மரை வகை என்றால், அதன் வலப்பக்கக் கப்பை, அதாவது பேரிங் மூடியைக் கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. கியர் லீவரைத் தள்ளினால் கியர் மாறவில்லையா? பெரும்பாலும் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டால் போதும்.

பிரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளியையும் அளந்துவிடுங்கள்: 130 அல்லது 135 மி.மீ. எந்த ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது.

இரண்டாவது, எலாஸ்டோமர் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் ரப்பர் சஸ்பென்ஷன்) உள்ள வண்டி வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் பிசினாகியிருக்கும், மாற்று கிடைப்பது கடினம். மூன்றாவது அலுமினிய வண்டிக்கு வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு. இலவசமாகத் தந்தாலும் உதிரிபாகத்துக்கு மட்டுமே.

கடைக்காரர் அளக்க, கழற்றிப் பார்க்க விடுகிறார். அது பெரிய விஷயம்.