கொந்தளிக்கும் கடலில் போட்டித் தூண்டில்: எந்தப் படகை நம்பலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஆயர் தாவாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான் நிற்கிறது. ஆனாலும் லூமுட் ஜெட்டிக்குச் சுமார் அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், எங்கள் தோட்டத்தில் பந்து விளையாட்டுக்கு அடுத்தபடியாகத் தூண்டில்தான் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. அந்தப் பழக்கம் போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்த பிறகு, இரவல் படகையும் வாடகைப் படகையும் நம்பிக்கொண்டிருப்பது கட்டுப்படியாகவில்லை. நாங்கள் நால்வர் பணம் போட்டுச் சொந்தமாக ஒரு படகு வாங்குவது என்று முடிவுசெய்து, ஆறு மாதங்களாகப் பட்டறைகளுக்கும் ஜெட்டிகளுக்கும் அலைந்தோம். ஏற அனுமதித்த படகுகளில் எல்லாம் ஏறிப் பார்த்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இதே கேள்வியோடு நிற்கும் மற்றக் குழுக்களுக்காக எழுதுகிறேன்.

தேடலுக்குக் காரணமாக அமைந்த நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவத்தில் ஒரு போட்டி நாள் காலை, செம்பிலான் தீவுகளுக்குப் பக்கத்தில் 17 அடி ஃபைபர் படகில் நால்வரும் இருந்தோம். மேற்கே அடிவானத்தில் கறுப்புப் பட்டை ஒன்று எழுந்ததைப் பார்த்து நூலைச் சுற்றத் தொடங்கினோம். சுற்றி முடிப்பதற்குள், மேற்கிலிருந்து திடீரென்று வீசும் சுமத்ரா காற்று வந்து அறைந்துவிட்டது. ஓட்டியவர் பதற்றத்தில் வேகத்தைச் சட்டென்று குறைத்தார். அப்போது எங்கள் படகே பின்னால் இழுத்துவந்த அலை, இயந்திரம் மாட்டியிருந்த பின்பலகையின் பள்ளத்தைத் தாண்டி உள்ளே கொட்டியது. அடுத்த அலை பேட்டரிப் பெட்டியை மூழ்கடித்தது. சமையல் எண்ணெய்த் தோம்பைப் பாதியாக வெட்டிச் செய்த வாளியால் இருவர் நீரை இறைத்துக்கொண்டே இருக்க, நடைவேகத்தில் கரை சேர்ந்தோம். எடை போடும் நேரம் முடிந்துபோயிருந்தது. பிடித்திருந்த மீன்கள் பெட்டியில் இருந்தும் எங்கள் பெயருக்கு நேராக ஒன்றும் எழுதப்படவில்லை. மீன் போனதைவிட, நீச்சல் தெரியாத தம்பி ஒருவன் அன்று படகில் இருந்தான் என்பதே இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

போட்டிப் படகைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் காலையில் எல்லாருக்கும் முன்பாக மீன் இடத்தை அடைவதைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணக்கில், பிற்பகலில் காற்று ஏறிய பிறகு, நனைந்த நான்கு பேரோடும் நிறைந்த மீன்பெட்டியோடும் குறித்த நேரத்துக்குள் ஜெட்டிக்குத் திரும்ப முடிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. ஆழ்கடலில் நீண்டு புரளும் அலை இங்கே இல்லை. குட்டையான, செங்குத்தான அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளி இல்லாமல் வரும். நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பும் நேரத்தில் அவை இன்னும் கூர்மையாகும். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் மிகவும் ஆழம் குறைந்ததான ஈரி (Erie) ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 19 மீட்டர்தான். அங்கும் காற்று அடித்தால் இதே போன்ற அலைதான் எழுகிறது. அதனால்தான் அங்கே போட்டிக்குப் போகிறவர்கள், அமைதியான குளங்களுக்கு உரிய தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட பாஸ் மீன்பிடிப் படகுகளைவிட, 20, 21 அடி நீளமும் உயர்ந்த பக்கச்சுவரும் ஆழமான வி வடிவ அடிப்பகுதியும் கொண்ட படகுகளை விரும்புகிறார்கள். தண்ணீர் உப்பா நன்னீரா என்பதைவிட, அலையின் உயரமும் இடைவெளியும் படகுத் தேர்வில் அதிகம் பேசுகின்றன.

நாங்கள் ஒப்பிட்டவை நான்கு வகைகள். உள்ளூர்ப் பட்டறையில் கட்டும் திறந்த ஃபைபர் படகு, ஆழமான வி அடிப்பகுதி கொண்ட ஃபைபர் படகு, இரட்டை உடல் கொண்ட கட்டமரான், பற்றவைத்துக் கட்டிய அலுமினியப் படகு ஆகியவை அவை.

உள்ளூர் ஃபைபர் படகைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மீனவர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். விலை குறைவு, 40 குதிரைத்திறன் இயந்திரமே போதும், ஆற்று முகத்துவாரத்தின் சேற்றுத் திட்டுகளில்கூடத் தட்டாமல் போகும். ஆனால் மீனவர் வானத்தைப் பார்த்துப் புறப்படுகிறார். போட்டிக்காரர் நாட்காட்டியைப் பார்த்துப் புறப்படுகிறார். தட்டையான அடிப்பகுதி, செங்குத்தான அலையில் ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து அறையும். ஒரு மணி நேரத்தில் முதுகு தாங்காது, வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். பேராக் ஆற்று முகத்துவாரத்திலும் கரையோரத்திலும் நடக்கும் போட்டிகளுக்கு அது போதும். செம்பிலானைத் தாண்டும் எண்ணம் இருந்தால் போதாது.

ஆழமான வி படகைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் விவாதங்களில் பாதி அதைச் சுற்றியே நடந்தது. இந்த வடிவத்தைப் புகழடையச் செய்தவர் ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அவர் வரைந்த படகில் டிக் பெர்ட்ராம் 1960-இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தைக் கொந்தளித்த கடலில் வென்ற பிறகு, அதிவேகப் படகுகளின் அடிப்பகுதியைப் பற்றிய எண்ணமே மாறிப்போனது. அடிப்பகுதி பின்பலகைவரை 20 முதல் 24 பாகை சரிவோடு போவதால், படகு அலையின் மேல் விழும்போது அறையாமல் பிளந்துகொண்டு இறங்குகிறது. லூமுட்டில் 22 அடிப் படகு ஒன்றில் இதை நேரில் உணர்ந்தேன்: அலையின் உச்சியிலிருந்து இறங்கும்போது எதிர்பார்த்த அறை வரவில்லை; துணியைக் கிழிப்பதுபோல் ஒரு நீண்ட ஓசை வந்தது, முழங்கால் லேசாக மடங்கியது, அவ்வளவுதான்.

அந்தச் சுகத்துக்கு விலை உண்டு. சரிவு கூடக் கூட, நிறுத்திவைத்த படகு இரு பக்கமும் அதிகமாக ஆடும். மூவர் ஒரே பக்கத்தில் நின்று மீனை ஏற்றும்போது அந்தப் பக்கம் சரியும். போட்டியில் பாதிக்கு மேற்பட்ட நேரம் படகு நின்றுகொண்டோ மிதந்துகொண்டோ இருக்கிறது என்பதை ஓட்டிப்பார்க்கும் உற்சாகத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். சரிவு கூடினால் நீரின் மேல் எழும்பி ஓட அதிகக் குதிரைத்திறனும் அதிக எண்ணெயும் தேவைப்படும். இன்னொன்றும் உண்டு. எல்லாரும் படகின் உச்ச வேகத்தைக் கேட்கிறார்கள். நீரின் மேல் எழும்பிய நிலையில் எவ்வளவு மெதுவாக ஓட முடியும் என்று யாரும் கேட்பதில்லை. கடல் கெட்டுப்போன பிற்பகலில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் கீழே அமிழ்ந்துவிடும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எண்ணெயைக் குடிக்கும். முன்னால் பார்வையும் மறையும். பின்பலகையின் இரு ஓரங்களிலும் பொருத்தும் டிரிம் தகடுகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன. அவை இல்லாத ஆழமான வி படகை நான் வாங்கமாட்டேன்.

கட்டமரானில் ஏறி நின்ற உடனே எங்கள் குழுவின் மூத்தவர், பால்மரத் தோட்டத்தில் தண்டலாக இருந்த அண்ணன், "வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது உண்மை. நால்வர் ஒரே பக்கத்தில் நின்றாலும் அது அசையவில்லை. பக்கவாட்டு அலையில் மிதந்து தூண்டில் போட இதைவிடச் சிறந்த மேடை கிடையாது. இரண்டு இயந்திரங்கள் இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும். ஆனால் கட்டமரான் எடையை மன்னிக்காது. இரு உடல்களுக்கும் நடுவில் உள்ள சுரங்கம் நீர்மட்டத்துக்கு மேல் போதிய உயரத்தில் நிற்கும்வரைதான் அதன் மென்மை. எண்ணெய், ஐஸ், நால்வர், மீன் என்று ஏற்றிக்கொண்டே போனால் சுரங்கத்தின் கூரையில் அலை முட்டும். அந்த முட்டு ஆழமான வி படகில் வரும் எந்த அறையையும்விடக் கடுமையானது. முன்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீர்த்தூறலும் ஓட்டுபவர் முகத்திலேயே விழும். இரண்டு இயந்திரங்களுக்குப் பராமரிப்புச் செலவும் இரண்டு பங்கு. இரண்டு பேர் மட்டும் போட்டிக்குப் போவதானால் நான் கட்டமரானைத்தான் சொல்லியிருப்பேன். நால்வருக்கு 20 அடிக் கட்டமரான் பற்றாது.

அலுமினியப் படகின் பலம் எடையில் இருக்கிறது. கடலுக்கு உரிய 5083 வகைத் தகட்டால் கட்டிய படகு, அதே நீளமுள்ள ஃபைபர் படகைவிட லேசானது. சிறிய இயந்திரம் போதும், வண்டியில் இழுப்பதும் எளிது. கெனிர் ஏரிக்கோ தெமெங்கோர் ஏரிக்கோ போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அங்கே நீருக்கடியில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் மோதினால் ஃபைபர் விரிசல் விடும், அலுமினியம் பெரும்பாலும் நசுங்குவதோடு தப்பிக்கும். ஆனால் லேசான படகைக் கடலின் குட்டை அலை பந்துபோல் தூக்கி எறிகிறது. காற்றில் அது ஒரே இடத்தில் நிற்க மறுக்கிறது. அலை தகட்டில் அடிக்கும் ஓசை நாள் முழுவதும் காதில் நிற்கிறது. உப்புநீரில் வேறு உலோகங்களோடு சேர்ந்திருக்கும் இடங்களில் அரிப்பும் வரும். பழைய அலுமினியப் படகைப் பார்க்கும்போது, உள்தாங்கிகளைப் பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசலும், திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடியும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எந்த வகையை எடுத்தாலும், பின்பலகையின் உயரத்தில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. வெளிப்பொருத்து இயந்திரங்களின் தண்டு நீளம் 15, 20, 25 அங்குலம் என்று வருகிறது. அதற்கு ஏற்பவே பின்பலகையின் உயரமும் அமைகிறது. அன்று எங்களைக் கவிழ்க்கப் பார்த்த படகில் இருந்தது 15 அங்குலத் தண்டுக்கான தாழ்ந்த பின்பலகை. திறந்த கடலுக்கு 25 அங்குலம் வேண்டும். உள்ளே வரும் நீர் தானாக வடியும் தளமும் வேண்டும். பழைய ஃபைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம் இருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் "டொக்" என்று கெட்டியான ஓசை வரும்; ஊறி அழுகிய இடத்தில் ஓசை செத்துப்போய்விடும். பார்வைக்குப் புத்தம் புதிதாய்ச் சாயம் பூசிய ஒரு படகை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் வேண்டாம் என்று விட்டோம்.

மூழ்காத தன்மையையும் கேட்டு வாங்க வேண்டும். பாஸ்டன் வேலர் படகை உருவாக்கிய ரிச்சர்ட் ஃபிஷர், 1961-இல் தான் உட்கார்ந்திருந்த படகையே ரம்பத்தால் இரண்டாக அறுக்கவைத்து, அறுந்த பிறகும் அது மிதப்பதைக் காட்டினார். இரண்டு ஓடுகளுக்கு நடுவே நிரப்பிய நுரைதான் அதன் ரகசியம். உள்ளூர்ப் பட்டறையில் படகு கட்டச் சொல்பவர்கள், தளத்துக்கு அடியில் நுரை நிரப்புவதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காற்றுப் பெட்டி போதும் என்பவரிடம், அடிப்பகுதியில் ஓட்டை விழுந்தால் அந்தப் பெட்டி என்ன ஆகும் என்று கேளுங்கள்.

எண்ணெய்க் கணக்கு எளிதானது: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. ஜாராக் தீவுப் பக்கம் போக லூமுட்டிலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், 200 லிட்டர் தொட்டி ஆடம்பரம் அல்ல. ஆனால் 200 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 150 கிலோ எடை. அது படகின் நடுவில் இருக்க வேண்டும், பின்னால் அல்ல.

தோட்டத்தில் படகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஆந்தைக் கூடு கட்டிவைத்தும் முழுதாக ஒழிந்தபாடில்லை. என் நண்பர் ஒருவருடைய படகில் எலி கடித்த எண்ணெய்க் குழாயை நடுக்கடலில்தான் கண்டுபிடித்தார்கள். வயர்களும் குழாய்களும் திறந்து பார்க்கக்கூடிய மூடிய குழல்களுக்குள் ஓடும் படகாகப் பாருங்கள். பிற்பகல் மழையில் படகு தொட்டியாகிவிடாமல் இருக்க, வடிகால் அடைப்பானைக் கழற்றி, மூக்கு உயர்ந்திருக்கும்படி டிரெய்லரை நிறுத்துங்கள்.

எந்தப் படகும் எல்லாக் கடலுக்கும் ஆகாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கையில் முதல் நிலை என்பதே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றும் 3.5 மீட்டர்வரை அலையும் ஆகும். அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏற்பாட்டாளர்கள் போட்டியைத் தள்ளிவைக்கவில்லை என்றாலும் நாங்கள் கட்டிய பணத்தை விட்டுவிடுவது என்று நால்வரும் பேசிவைத்திருக்கிறோம்.

எங்கள் முடிவு 22 அடி ஃபைபர் படகு. சரிவு 20 பாகை. 24 வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், நின்று மீன்பிடிக்கும் நேரத்தின் ஆட்டம். 25 அங்குலப் பின்பலகை, டிரிம் தகடுகள், 150 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம். பின்னால் 15 குதிரைத்திறன் துணை இயந்திரம் ஒன்றும் இருக்கும். கட்டமரானிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் அது. கெனிர் ஏரிக்கு ஆண்டில் ஒரு முறை போவதற்காக அலுமினியத்தை எடுக்கலாம் என்று அண்ணன் கடைசிவரை வாதாடினார். அங்கே அந்த ஒரு முறைக்கு வாடகைப் படகு எடுத்துக்கொள்வோம் என்று பேசி ஒப்புக்கொண்டார். விற்பவர் இரண்டு பேரோடு பாதித் தொட்டியில் ஓட்டிக்காட்டத் தயாராக இருந்தார். நாங்கள் வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நால்வரும் ஏறி, தொட்டியை நிரப்பி, மீன்பெட்டியில் 80 கிலோ ஐஸ் போட்டு, பங்கோர் தீவுக்கு வெளியே காற்றுக்கு எதிராக ஓட்டிப் பார்த்த பிறகுதான் முன்பணம் என்று சொல்லியிருக்கிறோம்.