ஃபேட்32 பென் டிரைவில் கோப்புகளின் கூடுதல் நேரக் குறிப்பை எங்கே வைப்பது?

இலங்கை மலையகத்தின் லயத்து வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய பிறப்புப் பத்திரம் இதையெல்லாம் ஸ்கேன் பண்ணிச் சேர்த்து வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்தது எப்போது, பிறகு திருத்தியது எப்போது என்ற இரண்டு நேரமும் நமக்கு வேண்டும். ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கைமாறும் பென் டிரைவ் அநேகமாக ஃபேட்32தான், அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் ஃபேட் என்ற பழைய முறையில் அமைந்தது.

முதல் வழி, ஃபேட் தரும் இடத்தையே நம்புவது. ஒரு கோப்புக்கு அடைவில் (கோப்புகளின் பட்டியலில்) 32 பைட் பதிவு ஒன்று இருக்கும். விண்டோஸ் 95க்கு முந்திய டாஸ் இயங்குதளக் காலத்தில் அதில் கடைசியாக எழுதிய நேரம் மட்டும்தான், 10 பைட் சும்மா கிடந்தது. விண்டோஸ் 95 வந்தபோது அந்த வெற்றிடத்தில்தான் உருவான நேரத்தையும் கடைசியாகத் திறந்த தேதியையும் செருகினார்கள். திறந்ததற்குத் தேதி மட்டும், மணி கிடையாது. எழுதிய நேரத்தில் விநாடியைக் குறிக்க 5 பிட்தான், அதில் 32 எண்கள்தான் அடங்கும் என்பதால் இரண்டு இரண்டு விநாடியாகத்தான் நகரும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல், ஃபேட் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிட்டு, அது எந்த நேர வலயம் என்று எங்கேயும் குறிப்பதில்லை.

நம் நாட்டுக்கு இது நன்றாகவே உறைக்கும். 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் மறுபடி உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய +5:30க்கு வந்தோம். 2003இல் காலை 10:00க்கு, அதாவது +6:00இல், எழுதிய ஒரு கோப்பை இன்றைக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் திறந்தால் அது இப்போதைய +5:30ஐ வைத்து உலகப் பொது நேரத்தைக் கணக்குப் போடும், அப்புறம் பழைய வலய வரலாற்றைப் பார்த்து 10:30 என்று காட்டும். அரை மணி நேரம் பிசகிவிட்டது, பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

சரி, ஃபேட்டுக்குப் பின்னால் வந்த எக்ஸ்ஃபேட் முறைக்கு மாறலாமா? அது நேரத்தோடு வலய வித்தியாசத்தையும் சேர்த்தே எழுதும், அந்த வகையில் நல்லது. ஆனால் டவுனில் இருக்கும் போட்டோகொப்பிக் கடையின் பழைய இயந்திரம் அதைப் படிக்காமல் போகலாம். அதோடு, எந்த வட்டாக இருந்தாலும் விண்டோஸில் கோப்பைப் பிரதி எடுத்தால் உருவான நேரம் பிரதி எடுத்த நேரமாக மாறிவிடும். வட்டை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் பொதியாகக் கட்டினால் மாற்றிய நேரம் உலகப் பொது நேரத்தில் பத்திரமாக இருக்கும், உருவான நேரம் வராது. சாதாரண ஸிப் பொதியில் அதே வலயமில்லாத டாஸ் நேரம்தான்.

என் தேர்வு, கோப்புகளோடு கூடவே போகும் ஒரு எழுத்துப் பட்டியல். இது புதிதும் இல்லை. சிபி/எம் 2.2 என்ற பழைய இயங்குதளத்தில் நேரத்துக்கு இடமே இல்லாதபோது, டேட்ஸ்டாம்பர் என்ற நிரல் வட்டிலேயே தனிக் கோப்பு வைத்து உருவான, திறந்த, மாற்றிய மூன்று நேரங்களையும் அதில் சேமித்தது. யாராவது கோப்பின் பெயரை மாற்றினால் பட்டியலோடு தொடர்பு அறுந்துவிடும் என்பதுதான் இதன் பலவீனம், அதனால் ஒவ்வொரு வரியிலும் பெயரோடு ஷா-256 ஹாஷையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) எழுதுங்கள். கோப்பைத் திருத்தினால் ஹாஷும் மாறும், அப்போது பழைய வரியை அழிக்காமல் புது வரி சேருங்கள். நேரத்தை 2024-03-09 10:15:00 +05:30 என்ற மாதிரி வலயத்தோடு எழுதுங்கள். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்.