அகலக் காலுக்கு எந்தப் பூட்ஸ்? நம்பரைக் கூட்டுவதா, அகலத்தைத் தேடுவதா

வயலிலும் மணலிலும் வெறுங்காலோடு வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். பெருவிரலும் சுண்டுவிரலும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். காலில் குறை ஒன்றுமில்லை, நிலத்தைப் பிடித்து நிற்க அதுவே நல்ல கால். குறை பூட்ஸில் இருக்கிறது. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ கடையில் தொங்கும் உதைபந்தாட்ட பூட்ஸ் பெரும்பாலும் நீளத்தில் மட்டும் மாறும், அகலத்துக்கு வேறு தெரிவு வராது. "எட்டு இறுக்குதோ? ஒன்பதைப் போட்டுப் பார் தம்பி" என்று கடைக்காரர் அடுத்த பெட்டியை எடுப்பார்.

வெறுங்காலோடு ஆடலாமே என்று சொல்வதற்கும் இடமில்லை. ஆட்டவிதிகளின் 4ஆம் விதியில் காலணி கட்டாயம். ஆகவே மிஞ்சுவது நான்கு வழிகள்: நம்பரைக் கூட்டுவது, தோல் பூட்ஸை வாங்கி விரிப்பது, அகலமாகவே செய்த பூட்ஸை வெளியிலிருந்து எடுப்பிப்பது, நீள ஸ்டட் (அடிமுளை) உள்ள பூட்ஸை விட்டு, குட்டை முளைகள் உள்ள டர்ஃப் சப்பாத்துக்கு மாறுவது. எதைத் தெரிந்தாலும் முதலில் காலை அளக்கவேண்டும். நம்பர் மட்டும் தெரிந்தவருக்குக் கால் பாதிதான் தெரியும்.

பின்னேரத்தில் அளவுங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் பருத்திருக்கும். விளையாடும்போது போடும் அதே காலுறையோடு, குதிக்கால் சுவரில் முட்ட, தாளின் மேல் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் வைத்து நில்லுங்கள். இன்னொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து மிக நீண்ட விரலின் நுனியைக் குறிக்கட்டும். அந்த விரல் பெருவிரலாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரலே நீளம். சுவரிலிருந்து அதுவரை உள்ள தூரம் நீளம். அடுத்து தையற்காரரின் ரேப்பை எடுத்து, பெருவிரலின் அடிமுழியையும் (விரல் பாதத்தோடு சேரும் மூட்டு) சுண்டுவிரலின் அடிமுழியையும் சேர்த்துப் பாதத்தைச் சுற்றி அளவுங்கள். இது சுற்றளவு. இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுற்றளவை வைத்து அகலத்தைப் படிபடியாகப் பிரித்திருப்பவர்கள் யப்பான்காரர். அவர்களின் தர அளவில் 25 செ.மீ நீளமான ஆண் காலுக்கு 243 மி.மீ சுற்றளவு என்றால் அது 'ஈ'. 249 என்றால் 2ஈ, 255 என்றால் 3ஈ, 261 என்றால் 4ஈ. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 6 மி.மீ. அதே அகலத்தில் நீளம் 5 மி.மீ கூடினால் சுற்றளவு 3 மி.மீ மட்டுமே கூடும்.

நம்பரைக் கூட்டும் வழி எங்கே தோற்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் கால் 25 செ.மீ, சுற்றளவு 255 என்று வையுங்கள். கடையில் இருப்பது 'ஈ' அகல பூட்ஸ். உங்களுக்கு 12 மி.மீ சுற்றளவு குறைகிறது. அதை நீளத்தால் ஈடுகட்டப் போனால் 20 மி.மீ நீளமான பூட்ஸ் வேண்டும். பிரித்தானிய நம்பரில் ஒரு முழு நம்பர் ஏறக்குறைய 8.5 மி.மீ, ஆகவே இரண்டு நம்பருக்கும் மேலே ஏறவேண்டிவரும். ஒரு நம்பர் கூட்டியவருக்கு இறுக்கமும் தீராது, முன்னால் வெற்றிடமும் வந்துவிடும். ஐரோப்பிய நிறுவனங்களின் அச்சு (பூட்ஸைச் செய்யும் கால்வடிவக் கட்டை) இந்த அட்டவணைக்கு அப்படியே பொருந்தாது, ஒவ்வொருவரும் தங்கள் அச்சில்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் நீளத்தைக் கொடுத்து அகலம் வாங்குவது நட்டக் கணக்கு என்பது எல்லா அச்சுக்கும் பொது.

நீளம் கூடினால் வேறு கோளாறும் வரும். பூட்ஸ் மடங்கவேண்டிய இடம் விரலடி முழிகளின் கீழ். நீளமான பூட்ஸில் அந்த மடிப்பு விரல்களின் நடுவே போய் விழும். ஓடி நிறுத்தும்போது கால் முன்னே வழுக்கி விரல்நுனி மோதும், நகம் கறுக்கும். குதிக்கால் மேலும் கீழும் உரசிக் கொப்புளம் போடும். முன்பக்கம் அகலமாகவும் குதிக்கால் ஒடுக்கமாகவும் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. அரை நம்பர் கூட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. அதற்கு மேலே போகவேண்டாம்.

பெட்டியில் உள்ள நம்பரையும் அப்படியே நம்பவேண்டாம். பிரித்தானிய 8 என்று போட்ட அடிடாஸ் 26.5 செ.மீ, அதே 8 என்று போட்ட நைக்கி 27 செ.மீ. பெட்டியிலும் நாக்கின் உட்புறத்திலும் செ.மீ அளவு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். உங்கள் காலைவிட 5 மி.மீ அளவு கூடியிருந்தால் போதும்.

இரண்டாவது வழி தோல் பூட்ஸ். அடிடாஸின் கொப்பா முண்டியல் 1979இல் வந்தது, மிசுனோவின் மொரேலியா 1985இல் வந்தது. இரண்டும் கங்காரு தோலில் பேர் எடுத்தவை. இவற்றை அகல பூட்ஸ் என்று நினைத்து வாங்கக்கூடாது. போடப் போடத் தோல் இளகிக் காலின் வடிவத்துக்கு வரும் என்பதுதான் இவற்றின் பலம். நைக்கியின் ரியெம்போவும் பூமா கிங்கும் ஒருகாலத்தில் இதே வரிசையில் இருந்தவை. 2023இல் இரு நிறுவனங்களும் கங்காரு தோலைக் கைவிடுவதாக அறிவித்து, செயற்கைப் பொருளுக்கு மாறின. ஆகவே "ரியெம்போ போட்டால் விரியும்" என்ற பழைய புத்திமதியைப் புது மொடலுக்குச் சொல்லவேண்டாம். செயற்கை மேற்பாகம் முதல் நாள் எப்படி இருக்கிறதோ, கிழியும் நாளிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

தோலை விரிக்கும் முறை இது. நீளம் சரியானதை வாங்குங்கள். இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழி முட்டும் இடத்தை மட்டும் ஈரமாக்குங்கள். தடித்த காலுறை போட்டு, வீட்டுக்குள் இருபது நிமிடம் நடங்கள். கழற்றியதும் பழைய பத்திரிகைத் தாளை இறுக்கி அடைத்து நிழலில் வையுங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்தபின் மைதானத்துக்குப் போங்கள். சப்பாத்து தைப்பவரிடம் விரிக்கும் கட்டை இருந்தால் ஒருநாள் முழுக்க மாட்டி வைக்கக் கேட்கலாம். தேங்காய் எண்ணெய் பூசுவது நம்மவர் பழக்கம். தோல் மெதுமையாகும், உண்மைதான். ஆனால் எண்ணெய் ஒட்டுக்குள் இறங்கினால் சோல் கழன்றுவிடும். வெயிலில் காயவைப்பதும் அதே வேலையைச் செய்யும், போதாததற்குத் தோலும் வெடிக்கும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. விரிவது மேற்பாகம், அடித்தட்டு விரியாது. கால் அடித்தட்டைத் தாண்டி வெளியே பிதுங்கினால், ஒவ்வொரு வெட்டுத் திரும்பலிலும் ஒட்டு இழுபட்டு, சுண்டுவிரல் பக்கத்தில் சோல் வாய் பிளக்கும். கணுக்காலும் வெளிப்பக்கம் சரியும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். உள்ளே இருக்கும் மெல்லிய தட்டை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். இரு பக்கமும் மயிரிழை பிதுங்கினால் தோல் பார்த்துக்கொள்ளும். சுண்டுவிரலின் பாதி வெளியே நின்றால் அந்தப் பூட்ஸை வைத்துவிட்டு வாருங்கள். உட்தட்டை ஒட்டிவிட்ட மலிவுக் கொப்பி பூட்ஸில் இந்தச் சோதனையைச் செய்யமுடியாது. வாங்காமல் விட அதுவே ஒரு காரணம். எங்கள் கணிப்பில் ஒரு படி அகலம் குறைந்தால் தோல் பூட்ஸ் சமாளிக்கும், இரண்டு படி குறைந்தால் சமாளிக்காது.

அப்படிப்பட்ட காலுக்கு மூன்றாவது வழிதான். நியூ பலன்ஸ் தன் பூட்ஸ்களில் சிலவற்றை ஒரே நம்பரில் சாதாரண அகலத்திலும் 2ஈ அகலத்திலும் விற்கிறது. அசிக்ஸில் டிஎஸ் லைட் வைட் என்று அகலக் காலுக்கே ஒரு வகை உண்டு. இங்கே அடித்தட்டும் அச்சும் சேர்ந்தே அகலம், ஆகவே முன்சொன்ன பிதுங்கல் இல்லை. பாதகம் விலையும், போட்டுப் பார்க்காமல் வாங்குவதும். வன்னியில் இது பெரும்பாலும் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தப்பாவையோ மாமியையோ கேட்கும் வேலை. "வைட் சைஸ் எடுத்து அனுப்புங்கோ" என்று மட்டும் சொன்னால் பிழையாகிப்போகும். அங்கே போடும் எழுத்து யப்பான் அட்டவணையின் எழுத்தல்ல: ஆணின் அளவில் 'டி' என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம். பெண்ணின் அளவில் 'பி' சாதாரணம், 'டி'யே அகலம். ஒரே எழுத்து, இரண்டு பொருள். இதிலே ஒரு நன்மையும் இருக்கிறது: அகலக் கால் உள்ள பெண்பிள்ளைக்குப் பெண் அளவில் அகல பூட்ஸ் தேடி அலையாமல், அதே செ.மீ உள்ள ஆண் பூட்ஸை எடுத்துவிடலாம்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இந்த அகலப் பேச்சு புதிதாக இராது. பிள்ளைக்கு ஐஸ் ஹொக்கி ஸ்கேட் வாங்கியவர் யாராக இருந்தாலும் பாவர் நிறுவனத்தின் ஃபிட் 1, 2, 3 என்ற பிரிவையும், சிசிஎம்மின் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்ற பிரிவையும் கண்டிருப்பார். ஸ்கேட்டைக் கடையில் அடுப்பில் சூடாக்கிக் காலில் போட்டு வடிவம் எடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டுவிட்டு உதைபந்து பூட்ஸைச் சூடாக்கிப் பார்க்கவேண்டாம். ஸ்கேட் அதற்கென்றே செய்தது. பூட்ஸைச் சூடாக்கினால் ஒட்டுத்தான் உருகும்.

நான்காவது வழியைப் பலர் ஒரு படி கீழாகப் பார்க்கிறார்கள். டர்ஃப் சப்பாத்தில் நீள ஸ்டட் இல்லை, அடியில் முழுக்கச் சின்னச் சின்ன இறப்பர் முளைகள். முன்பக்கம் பெரும்பாலும் பூட்ஸைவிடத் தாராளம், அடியில் மெத்தைப் பதமும் உண்டு. வன்னியின் கோடை நிலத்தை நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது செம்மண்ணும் கிரவலும் சீமெந்துபோல் இறுகிக் கிடக்கும். நீள ஸ்டட் அதற்குள் இறங்காது, மேலேயே நிற்கும். உடம்பின் பாரம் முழுக்க நாலைந்து புள்ளிகளில் விழும். அகலக் காலுக்கு வெளிப்பக்க ஸ்டட் பாதத்தின் விளிம்புக்கு உள்ளே தள்ளியே இருப்பதால் கால் அதன்மேல் ஊஞ்சலாடும். அந்த நிலத்தில் டர்ஃப் சப்பாத்து பூட்ஸை வெல்லும். தயங்காமல் சொல்லலாம்.

மாரி தொடங்கியதும் கதை மாறும். குளத்தோரக் களிமண்ணில் டர்ஃப் முளைகளுக்கிடையே சேறு அப்பி, அடி வழவழப்பான பலகைபோல் ஆகிவிடும். அங்கே பூட்ஸ்தான் வேண்டும், 'எஃப்.ஜி' (இறுகிய புல்நிலத்துக்கானது) என்று குறித்த, அடியோடு சேர்த்து வார்த்த ஸ்டட் போதும். திருகி மாட்டும் உலோக ஸ்டட் ஐரோப்பாவின் ஈரப் புல்லுக்கு, இங்கே அதற்கு வேலையில்லை. முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டுமே ஓடும், டர்ஃப் கொஞ்சம் வழுக்கும்.

ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறது, காலும் இரண்டு படி அகலம் என்றால் டர்ஃபை வாங்குங்கள். வருடத்தில் கூடிய நாள் நிலம் காய்ந்துதான் கிடக்கும். காலபோக மழையிலும் ஆடுகிற கழக வீரருக்கு 2ஈ எஃப்.ஜி ஒன்று தேவைப்படும், அதைப் புரட்டாதிக்கு முன்பே சொல்லி எடுப்பிக்கவேண்டும். ஒரு படி மட்டும் அகலமானவர் தோல் பூட்ஸோடு சமாளிக்கலாம்.

இருக்கிற பூட்ஸையே இந்தப் பருவத்துக்கு ஓட்டவேண்டும் என்றால் லேஸில் ஒரு வேலை செய்யலாம். விரல்பக்கத்தின் முதல் இரண்டு சோடித் துளைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து கோர்த்துக்கொள்ளுங்கள், மேலே கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்குங்கள். உட்தட்டை மெல்லியதாக மாற்றினால் மேற்பாதத்துக்கு உயரம் கிடைக்கும், அகலம் கிடைக்காது. சோலின் ஓரத்தை நைலோன் நூலால் சுற்றித் தைப்பித்தால், பிளக்கப்போகும் பூட்ஸ் இன்னொரு பருவம் வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கட்டும்: "கால் நீளம் 25 செ.மீ, சுற்றளவு 255 மி.மீ. பெட்டியில் 25.5 செ.மீ என்று இருக்கவேண்டும். ஆண் அளவு, அகலம் 2ஈ அல்லது அதற்கு மேல். அடி எஃப்.ஜி. திருப்பிக் கொடுக்கும் தவணை முடியமுன் உட்தட்டை வெளியே எடுத்து, முன்பக்கம் ஆக அகலமான இடத்தை அடிமட்டத்தால் அளந்து படம் எடுத்து அனுப்புங்கோ." படம் வந்ததும், நீங்கள் பென்சிலால் வரைந்த தாளில் அதே இடத்தை அளந்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு பார்சலைக் கட்டச் சொல்லுங்கள்.