விசாவில் ஒரு ‘01’: துருவக் கப்பல் ஏறப் போகிறவர்கள் கவனிக்க

2025 ஜூலை. நார்வேயின் ஆஸ்லோ விமான நிலையத்தின் பாஸ்போர்ட் சோதனைக் கவுன்டர். உள்ளே இருந்த பெண் அதிகாரி என் விசாப் பக்கத்தை விரித்து, ‘01’ என்று அச்சாகியிருந்த இடத்தில் பேனா முனையை வைத்தார். என் கணவரின் பாஸ்போர்ட்டிலும் அதே இடம், அதே 01. “நீங்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் திரும்பி வர முடியாது” என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். நள்ளிரவுச் சூரியனைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஓய்வு பெற்றதும் ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் சேர்த்துவைத்த பணம் அது. பாரிஸ், பிராக், ஆஸ்லோ. அங்கிருந்து வடதுருவப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளின் லாங்இயர்பியனுக்கு விமானம். பிறகு எட்டு நாள் துருவக் கப்பல். கோவையில் ஒரு பயண நிறுவனம் இருவருக்கும் சேர்த்து 14 லட்சம் ரூபாய் சொன்னது. அதில் கப்பலுக்கு மட்டும் ஒன்பதரை லட்சம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது.

ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது. ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. அந்தத் தீவுகளுக்கென்று தனி விசாவும் கிடையாது. நம் நாடே 2008 முதல் அங்கே ‘ஹிமாத்ரி’ என்ற ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. சிக்கல் போவதில் இல்லை, திரும்புவதில்தான். ஆஸ்லோவில் விமானம் ஏறினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி இறங்கினால் இரண்டாவது நுழைவு. ஆகவே இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் குறைந்தது இருமுறை நுழையும் விசா வேண்டும். எங்களுடையது ஒருமுறை நுழைவதற்கானது, அந்த 01-க்கு அதுதான் அர்த்தம். அட்சரேகை 78 டிகிரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவர் அந்த முகவர். ஆஸ்லோவிலிருந்தே அவரை அழைத்தேன். “மேடம், விசாவைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இருந்தது. கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில். கப்பல் நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை, புறப்படும் நாளில் ரத்து என்றால் அவர்கள் விதி அப்படி. விசாக் குறைபாட்டால் வரும் இழப்பு பாலிசியில் சேராது என்று பயணக் காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்தது.

கவனக்குறைவு என்றால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. ஊர் திரும்பியதும் எங்கள் விசா விண்ணப்பத்தின் நகலைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். அதில் கப்பலே இல்லை! அந்த எட்டு நாளும் நாங்கள் பாரிஸில் ஒரு ஓட்டலில் தங்குவதாக முன்பதிவுச் சீட்டு. நாங்கள் பார்த்தேயிராத ஓட்டல். பிரான்ஸில் அதிக நாள் தங்குவதாகக் காட்டினால் அந்தத் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாம், வேலை சீக்கிரம் முடியும் என்று செய்த வேலை. நுழைவு ‘ஒருமுறை’ என்ற கட்டத்தில் டிக். கீழே எங்கள் இருவரின் கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் “இங்கே மட்டும் போடுங்கள் மேடம்” என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளின் ரேங்க் கார்டைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் இல்லை நான்.

அதற்குப் பிறகு எல்லாத் தாள்களையும் துருவ ஆரம்பித்தேன். கப்பலில் 400 பயணிகளுக்கு மேல் என்று போட்டிருந்தது. ஸ்வால்பார்டின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி. 2025 ஜனவரி 1 முதல் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அதற்குள் போகவே கூடாது. சிறிய கப்பல்களும் அங்கே குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே ஆட்களை இறக்கலாம். பனிக்கரடிக்கு 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். எங்களுக்குக் கொடுத்த வண்ணப் புத்தகத்தின் அட்டையிலோ, ரப்பர் படகில் இருப்பவர்களைக் கரடி குனிந்து பார்க்கிறது. ஆக, கப்பல் ஏறியிருந்தாலும் அட்டையில் பார்த்தது கிடைத்திருக்காது.

அடுத்து வரி. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி என்று 5 சதவீதம், 70,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில், எங்கள் இருவருடையதிலும் அந்தத் தொகையைக் காணோம். பணம் கட்டியவர்கள் இப்போதே அதைத் திறந்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் யாரும் எங்களை ஏமாற்ற முடியவில்லை. பாரிஸ் மெட்ரோவில் பணப்பையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு போனேன். பிராகில் இவர் ஒரு நாணய மாற்றுக் கடையில் மோசமான விலைக்கு யூரோவை மாற்றிவிட்டார். 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்று 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. ரசீதைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருடனை அங்கே தேடினோம். அவன் இங்கே மேஜையில் சாமி படம் வைத்து, ஃபில்டர் காபி கொடுத்து உட்கார வைத்தான்.

ஆஸ்லோவில் மிஞ்சிய நாட்களில் இவர் என்னை ஃப்ராம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் அந்தப் பயணத்துக்குக் கொண்டு போன கப்பலை அப்படியே கூரைக்கடியில் நிறுத்தியிருக்கிறார்கள். மேல்தளம் வரை ஏறலாம். “ஒருவழியாகத் துருவக் கப்பலில் ஏறிவிட்டாய்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் கம்பளி உள்ளாடை போட்டிருந்தோம், ஜூலை வெயிலில்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். எங்கள் 14 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணில் வழி சொல்கிறார்கள். போலிச் சீட்டு இருந்த அந்த விண்ணப்ப நகல்தான் எங்கள் முதல் ஆவணம்.

போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து எல்லோருக்கும் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்தது. அண்டார்டிகா, சலுகை விலை, பென்குவின்களோடு நடக்கலாம். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்க முடியாது. மற்றவற்றிலும் ஒரு நேரத்தில் 100 பேர்தான் கரையில் இருக்கலாம். கப்பலில் எத்தனை பயணிகள் என்று கேட்டு எழுதினேன். நீல டிக் விழுந்து ஆறு நாளாகிறது.