வெளிநாட்டுக்குப் படை: கெடு வைத்த அனுமதியா, கெடு இல்லாத அனுமதியா?

வெளிநாட்டில் இயங்கும் பயங்கரவாதக் குழுக்கள் மீது ராணுவத்தை ஏவும் அதிகாரத்தை எப்படி வைத்துக்கொள்வது? கோவையில் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க, ஜெர்மன், பிரெஞ்சு முறைகளை வைத்து இதை விவாதித்தோம். நான் ஜெர்மன் முறையின் பக்கம் பேசினேன். இப்போதும் என் கருத்து அதுதான்.

மக்கள் பிரதிநிதிகளைக் கேட்க வேண்டும், அவசரத்தில் தாமதிக்கக் கூடாது என்பவற்றை யாரும் மறுக்கவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: கொடுத்த அனுமதி எப்போது காலாவதியாகிறது?

1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. அந்த நாட்களில் எவ்வளவு கடுமையான நடவடிக்கையை முன்வைத்திருந்தாலும் இங்கே பெரும்பாலோர் தலையசைத்திருப்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் கொடுத்த சம்மதம் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்?

அமெரிக்காவில் அதற்கு வரம்பே இல்லை. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், 2001 செப்டம்பர் 14 அன்று, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ராணுவ அனுமதித் தீர்மானத்தை நிறைவேற்றின. கீழவையில் 420 பேர் ஆதரவு. எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. முடிவுத் தேதியோ நாட்டின் பெயரோ அதில் இல்லை. ஆப்கானிஸ்தானுக்காக வாங்கிய அந்த அனுமதி ஏமன், சோமாலியா வரை நீண்டது. 2014-இல் ஐ.எஸ். அமைப்பைத் தாக்கவும் அதையே காட்டினார்கள். 2015 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா புதிய அனுமதி கேட்டார், வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2002-இல் இராக் போருக்கு அளித்த வாக்கு ஹிலாரி கிளின்டனை 2008 வேட்பாளர் போட்டி வரை துரத்தியது. அதைப் பார்த்த உறுப்பினர்கள் பழைய தீர்மானமே போதும் என்றிருந்ததில் வியப்பில்லை.

ஜெர்மனியில் இப்படி ஒளிந்துகொள்ள முடியாது. 1994-இல் அரசமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆயுதப் படையை வெளியே அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். எந்தப் பகுதி, அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு செலவு என்று எழுதித் தர வேண்டும். 2015 டிசம்பரில் ஐ.எஸ். எதிர்ப்பு நடவடிக்கைக்கு அனுமதித்தது 1,200 வீரர்கள் வரை. திருப்பூரில் பனியன் நிறுவனம் நடத்துபவர் வங்கிக் கடனை ஆண்டுதோறும் கணக்குக் காட்டிப் புதுப்பிப்பதைப் போல அரசும் திரும்ப வந்து நிற்க வேண்டும். 2001 நவம்பரில், கூட்டணி உறுப்பினர்கள் சிலர் முரண்டுபிடித்ததால், பிரதமர் ஷ்ரோடர் படை அனுப்பும் தீர்மானத்தோடு தன் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பையும் இணைத்தார். தேவை 334, கிடைத்தது 336.

புதுப்பித்தல் சடங்காகிவிடும் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான். ஜெர்மனியில் ஆப்கானிஸ்தான் அனுமதியை 2021 வரை நீட்டித்துக்கொண்டேதான் போனார்கள். இரண்டாண்டுக் கெடுவோடு வந்த நம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவும் நீட்டிப்புகளால் பத்தாண்டு ஓடியது. ஆனால் 1995-இல் அது காலாவதியானது கெடு இருந்ததால்தான்.

வேகத்தில் பிரெஞ்சு முறைக்கே மதிப்பெண். 2013 ஜனவரியில் மாலியின் கொன்னா நகரம் ஆயுதக் குழுக்களிடம் வீழ்ந்த மறுநாளே பிரான்ஸ் தாக்குதலில் இறங்கியது. அங்கே மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தால் போதும். நான்கு மாதத்தைத் தாண்டினால்தான் ஒப்புதல். தொடக்கத்துக்கு மட்டும் அந்த விதியை ஏற்கலாமோ என்று எனக்கும் தோன்றுகிறது. போர்க்களத்தில் சில மணி நேரத் தாமதம் எவ்வளவு பாதிக்கும் என்பதை வெளியிலிருந்து பார்க்கும் நான் அடித்துச் சொல்ல முடியாது.

நம் அரசமைப்பில் இப்படியொரு கட்டாயம் இல்லை. 1987 ஜூலையில் இலங்கைக்கு அமைதிப்படை போனது ஒப்பந்தத்தின் பேரில். சில மாதங்களில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. சுமார் 1,200 வீரர்கள் மாண்டார்கள். இலங்கை அதிபர் பிரேமதாசாவின் நெருக்குதலும் 1989 தேர்தலில் டெல்லியில் வந்த ஆட்சி மாற்றமும் சேர்ந்துதான் படையை 1990 மார்ச்சில் முழுமையாகத் திரும்ப வைத்தன. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் விதி இருந்திருந்தால், படை அங்கே நீடிக்க வேண்டுமா என்ற கேள்வி 1988 ஜூலையிலேயே மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்திருக்கும்.