கலப்புப் பயிர்: பட்டையா, கட்டமா?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக வயல்களில், ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து போடும் இந்த இரண்டு முறைகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று பட்டைச் சாகுபடி: 3 மீட்டர் அகலத்துக்கு உருளைக்கிழங்கு, அடுத்த 3 மீட்டருக்குக் கோதுமை, அப்புறம் முட்டைக்கோஸ். மற்றது கட்டச் சாகுபடி, அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு பயிர் வீதம் வயல் முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி.

பட்டையில் டிராக்டரே ஓடும். உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் பட்டைகளில் மெதுவாகப் பரவியதையும் பார்த்தார்கள், ஏனென்றால் நோய்க்கிருமியின் வித்துகள் பக்கத்துப் பயிரில் விழுந்து வீணாகிவிடுகின்றன.

கட்டத்தில் கலப்பு இன்னும் நெருக்கம், ஆனால் களையெடுப்பு கையால்தான், அதுவே ஆளைக் கொன்றுவிடும். ரோபோ இல்லாமல் இது பெரிய வயலுக்கு ஆகாது. டென்மார்க்கின் ஃபார்ம்டிராய்டு என்ற ரோபோ சூரிய மின்சாரத்தில் ஓடி, விதைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொண்டு, முளைக்கும் முன்பே சுற்றிலும் களையெடுக்கிறது. ஆனால் அது வரிசைக்குப் பழகியது. கட்டத்தில் கோஸும் வெங்காயமும் வெவ்வேறு உயரம், வெவ்வேறு அறுவடை நாள், அதற்கேற்ற ரோபோ கை வேண்டும்.

இன்றைக்கு என்றால் நான் பட்டையைத்தான் எடுப்பேன். சரி, அறுவடையையும் பார்த்துக்கொள்ளும் ரோபோ வந்தால் கட்டத்துக்கு மாறிவிடுவேன்.