பழைய ஸ்விஃப்ட்டுக்கு டர்போ: 1,85,000 ரூபாயும் போச்சு, இன்ஜினும் போச்சு

நேற்று சாயங்காலம்தான் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடைந்து கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘சரி, தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன், அது என் சுபாவம்.

கார் 2012 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர். நெருப்பு கக்கும் சைலன்சராகப் பார்த்து ரீல்ஸ் போடும் ஒரு டியூனிங் கடையில் கொடுத்தேன், இங்கே கோவையில்தான். பெயர் வேண்டாம். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர் நான்கு, புது பெட்ரோல் பம்ப், ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் பிக்கிபேக் பெட்டி, டியூனிங் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். பில் கிடையாது, வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் மட்டும்.

கேட்காமல் கொடுத்துவிடவில்லை. டர்போ கூடுதலாகத் தள்ளும் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். “தம்பி, 7 பிஎஸ்ஐ பூஸ்ட்னா காத்து ஒன்றரை மடங்கு உள்ள போகும், அதுக்கேத்த பெட்ரோல் வருமா?” என்றேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். “பாருங்கண்ணா, பூஸ்ட்ல 11.8. நம்ம வண்டி மாதிரி பாத்துக்கறேனுங்க.” அங்கேதான் விழுந்தேன். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. டர்போ அழுத்தும்போது அது 12-க்குக் கீழே இறங்க வேண்டும், கூடுதல் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கும். சரியான விடையைச் சொல்கிறவர் சரியாகத்தான் செய்வார் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே மீதி 85,000-ஐ ஜிபே பண்ணினேன். அந்த கிராஃப் என் காருடையதா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பதினோராம் நாள். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி நான்காவது கியரில் மிதித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம். காலை எடுப்பதற்குள் கண்ணாடியில் நீலப் புகை.

போன் போட்டால், “பங்க்ல பெட்ரோல் சரியில்லீங்கண்ணா.” மறுநாள், “நீங்க ரொம்ப மிதிச்சிருப்பீங்க.” மிதிக்காமல் ஓட்டவா டர்போ போட்டேன்? அப்புறம் போனை எடுப்பது கடைப் பையன். “அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க.” அண்ணன் அன்று காலை ரீல் போட்டிருந்தார், கடையில் நின்றபடி.

சிங்காநல்லூரில் எங்கள் பழைய மெக்கானிக் பிரித்துக் காட்டினார். இன்ஜெக்டர் நான்கும் கம்பெனியில் வந்தவை. பின்சீட்டைத் தூக்கினால் பம்பும் அதே பழசு. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் மாற்றவில்லை. அது வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் டர்போ தள்ளுவது ஈசியூவுக்குத் தெரியாது, பெட்ரோலையும் கூட்டாது. கொடுமை அதோடு நிற்கவில்லை. பெட்ரோல் லைனில் அழுத்தம் சுமார் 3 பார். எதிர்ப்பக்கம் டர்போ அரை பார் (அந்த 7 பிஎஸ்ஐதான்) தள்ளினால் மிச்சம் இரண்டரை. ஆக, அதிகம் வேண்டிய நேரத்தில் இன்ஜெக்டர் முன்பைவிடக் குறைவாகப் பீய்ச்சியிருக்கிறது. பிக்கிபேக் பெட்டியில் பேட்டரி வயர் இரண்டு மட்டும் சொருகியிருந்தது. “சாமி படத்துக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி போட்டிருக்கானுங்க” என்றார்.

1,85,000 ரூபாய். எரிந்தது அந்தப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கழற்றிய பழைய இன்ஜெக்டரையும் பம்பையும் கையில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லையென்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டச் சொல்லி, உங்கள் காரில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பூஸ்ட் வரும்போது எண்ணைப் பாருங்கள். கம்பெனி ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது 14.7-க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். ஆர்டிஓ, இன்சூரன்ஸ் விவகாரம் தனி, அதையும் நான் யோசிக்கவில்லை. பில் இல்லாமல் 1,85,000 கொடுக்காதீர்கள்.

மெக்கானிக் கூப்பிடுகிறார், பிஸ்டன் செட்டுக்கு அட்வான்ஸ் வேண்டுமாம்.